பழங்கதை மறுகூறலும் வாசக ஆர்வமும் — ஒரு சமூகவியல் நோக்கு

1

முடிவு முன்னரே தெரிந்த கதையொன்றை மனிதர் மீண்டும் மீண்டும் கேட்கவும் படிக்கவும் விரும்புவது ஏன்? மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வினா எளிமையானதாகவே தோன்றும். ஆயின், இலக்கியத்தின் சமூகப் பயன்பாட்டைப் பற்றிச் சிந்திப்போர் இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் விடிய விடிய ஆடப்பெற்ற கூத்துகளை நினைவுகூரலாம். காத்தவராயன் கழுமரம் ஏறப்போகிறான் என்பதையோ, கர்ணனது தேர்ச்சில்லு மண்ணிற் புதையப்போகிறது என்பதையோ அறியாதவர் கூத்துக் களரியைச் சுற்றியிருந்தோருள் எவருமிலர். அறிந்திருந்தும், பாயோடு வந்து, குழந்தைகளை மடியிலே கிடத்திக்கொண்டு, விடியும்வரை கண்விழித்திருந்தனர்.

இவ்வார்வம் அச்சு நூலின் வரவோடு அற்றுப்போகவில்லை. 1984இல் எம். டி. வாசுதேவன் நாயர் பாரதக் கதையை வீமனின் நிலையிலிருந்து மலையாளத்திலே ‘ரண்டாமூழம்’ என்னும் நாவலாக்கினார். ஜெயமோகன் அதே பாரதத்தை 2014 தொடக்கம் 2020 வரை 26 நாவல்களாக விரித்தெழுதினார். ஆங்கிலத்திலே மேடலின் மில்லரின் ‘சேர்சி’ 2018இல் வெளிவந்து பெருந்தொகையான வாசகரைப் பெற்றது. ஹோமரின் காவியத்திலே ஒடிசியஸ் கடந்து செல்லும் ஒரு தீவின் மாயக்காரி அங்கே கதைத்தலைவியாகின்றாள். தேவதைக் கதைகளும் இவ்வாறே திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன.

இக்கட்டுரையாசிரியருக்கு இவ்வினா வெறும் ஏட்டளவிலான ஒன்றன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் வாசிப்பு வட்டம் ஒன்றிலே மாணவி ஒருவர், தாம் இத்தகைய மறுகூறல்களைத் தேடித் தேடிப் படிப்பதாகவும், ஒரு கதையின் நான்கு ஐந்து வடிவங்களை அருகருகே வைத்து வாசிப்பதிலேதான் தமக்குப் பெருமகிழ்ச்சி கிடைக்கின்றது எனவும் உற்சாகத்தோடு எடுத்துரைத்தார். அது நிகழ்காலச் சமூக முரண்பாடுகளிலிருந்து தப்பியோடும் மனப்பாங்கு என்றும், நிலவுடைமைச் சமுதாயத்தின் எச்சங்களைப் பேணும் செயலென்றும் யான் தீர்ப்புக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியென்றால் பிரெக்ட் ஏன் சேர் பழைய கதையிட்டைப் போனவர்?” என்று கேட்டார். அன்று அதற்குத் தக்க விடை என்னிடம் இருக்கவில்லை. இக்கட்டுரை காலந்தாழ்த்திக் கூறப்படும் விடை எனக் கொள்ளலாம்.

2

இவ்விடயத்திலே மார்க்சியவாதிகள் தம் முன்னோடியை மறந்துவிடலாகாது. கார்ல் மார்க்ஸ் 1857இல் எழுதிய, அவரது மறைவுக்குப் பின்னர் 1903இல் வெளியிடப்பெற்ற முன்னுரைக் கைப்படியிலே இப்பிரச்சினையை நேரடியாகவே எதிர்கொண்டார். கிரேக்கக் கலைக்கு விளைநிலமாயமைந்தது கிரேக்கப் புராணவியல். இயற்கைச் சக்திகளைக் கற்பனையிலே வெற்றிகொள்வது புராணம். அச்சக்திகளை மெய்யாகவே வெற்றிகொள்ளும் கருவிகள் தோன்றியதும் அதன் அடிப்படை மறைகின்றது. வெடிமருந்தும் அச்சியந்திரமும் வந்தபின் பழைய வீரனும் பழைய பாணனும் எவ்வாறு நிலைக்க முடியும் என அவர் வினவினார். ஆயின், அவருக்கு இடர்ப்பாடாகத் தோன்றியது அதுவன்று. குறித்ததொரு சமூக வளர்ச்சிக் கட்டத்தோடு பிணைந்த கலை, அக்கட்டம் மறைந்த பின்னரும் நமக்கு இன்பம் தருவதெப்படி என்பதே அவரது உண்மையான வினா.

மனிதகுலத்தின் குழந்தைப் பருவம் அழகாக மலர்ந்த காலம் அது. திரும்பி வராத அப்பருவம் வளர்ந்தோரைக் கவர்வதிலே வியப்பில்லை என்பது அவர் அங்கே தரும் விடை. இவ்விடை முழுநிறைவானது எனக் கூறல் இயலாது. கைப்படியும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. குழந்தைப் பருவ நினைவு என்பது பழைய கதையைப் பழைய வடிவத்திலேயே விரும்புவதற்குக் காரணமாகலாம். அதனை மாற்றிச் சொல்லும்போது ஏற்படும் இன்பத்தை அது விளக்காது. மறுகூறலை விரும்பும் வாசகர் பழைய கதையை நேசிக்கின்றார். அதே வேளையில் அதனோடு வழக்காடவும் விரும்புகின்றார். இவ்விரட்டை நிலையே நாம் விளக்கவேண்டியது.

வால்ட்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லி பற்றி எழுதிய கட்டுரை இங்கு துணைபுரியும். புராணம் மனிதன்மீது சுமத்திய அச்சத்திலிருந்து விடுபட மனிதகுலம் மேற்கொண்ட முதல் முயற்சிகளின் பதிவாகவே தேவதைக் கதையை அவர் கண்டார். புராணத்தில் விதியும் தெய்வமும் ஆள்கின்றன; தேவதைக் கதையிலோ இளைய மகனும் ஏழைச் சிறுமியும் தந்திரத்தாலும் துணிவாலும் பூதங்களை வெல்கின்றனர். மறுகூறல் என்பதும் இப்போக்கின் தொடர்ச்சியே. முடிந்த முடிபு எனச் சொல்லப்பட்டதை முடியாத ஒன்றாக அது ஆக்குகின்றது. இதனைத் தெளிவாக்கும்பொருட்டு மூன்று கதைகளை எடுத்து நோக்குவோம்.

3

முதலாவது, செந்தொப்பிச் சிறுமியின் கதை. நம் நாட்டுச் சிறுவரும் ஆங்கிலப் பாடநூல் வழியாக அறிந்த கதையிது. இதனை முதன்முதல் அச்சில் இடம்பெறச் செய்தவர் பிரெஞ்சு எழுத்தாளரான சார்ள் பெரோ. அவரது கதைத்தொகுதி 1697இல் பாரிசிலே வெளிவந்தது. பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சர் கோல்பேரின் கீழ்ப் பணியாற்றியவர் பெரோ. அவரது கதையிலே ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகின்றது. கதையும் அத்துடன் முடிகின்றது. மீட்பவர் எவருமில்லர். இறுதியிலே செய்யுள் வடிவில் ஒரு நீதி இணைக்கப்பட்டுள்ளது. இனிமையாகப் பேசிப் பின்தொடரும் ஓநாய்களே யாவரினும் ஆபத்தானவை என இளம் பெண்களை அது எச்சரிக்கின்றது. அரசவையையும் உயர்குடியினரின் விருந்துக் கூடங்களையும் சார்ந்த ஓர் ஒழுக்க உலகு இந்நீதியினுள்ளே பேசுகின்றது என்பது வெளிப்படை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஜேர்மனியிலே கிறிம் சகோதரர் இக்கதையைத் தம் தொகுதியிற் சேர்த்தனர். அத்தொகுதியின் முதற் பாகம் 1812இல் வெளிவந்தது. மக்களின் வாய்மொழியிலிருந்து பெற்ற கதைகள் என அவை கருதப்பட்டபோதும், கதை சொன்னோருள் பலர் காசல் நகரத்து நடுத்தர வர்க்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவருட் சிலர் பிரெஞ்சு நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் வழிவந்தோர். கிறிம் வடிவத்திலே தாய் மகளுக்கு அறிவுரை கூறி அனுப்புகின்றாள். மகள் பாதை தவறுகின்றாள். வேட்டைக்காரன் ஒருவன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் மீட்கின்றான். இனி ஒருபோதும் பாதை விலகுவதில்லை எனச் சிறுமி தன்னுள் உறுதிபூணுகின்றாள். ஒழுங்கும் கீழ்ப்படிவும் அவற்றுக்குப் பரிசாகக் கிடைக்கும் ஆண்மகனின் பாதுகாப்பும் என்றவாறு நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் இலட்சியம் கதைக்குள்ளே குடிபுகுந்துவிடுகின்றது. 1857ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு வரையிலே அச்சகோதரர், குறிப்பாக வில்ஹெல்ம் கிறிம், கதைகளைத் திருத்திக்கொண்டேயிருந்தனர். பிள்ளைகளைக் காட்டிலே கைவிடத் தூண்டும் பெற்றதாய், பிந்திய பதிப்பிலே மாற்றாந்தாய் ஆக்கப்பட்டமை இதற்கு மற்றொரு சான்று. பஞ்சகாலத்து வறுமை தாயையும் கல்லாக்கும் என்னும் உண்மை, குடும்பத்தின் புனிதத்துக்காக மறைக்கப்பட்டது.

ஆயின், பிரான்சின் நியேவ்ர் பகுதிக் குடியானவரிடமிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சேகரிக்கப்பெற்ற வாய்மொழி வடிவம் ஒன்று உளது. அதிலே சிவப்புத் தொப்பியும் இல்லை, நீதியும் இல்லை, வேட்டைக்காரனும் இல்லை. சந்தியிலே ஓநாய்மனிதன் சிறுமியைப் பார்த்து, ஊசிப் பாதையாற் போகிறாயா, குண்டூசிப் பாதையாற் போகிறாயா என்று கேட்கின்றான். படுக்கையிலே கிடப்பது பாட்டியன்று என்பதை உணர்ந்ததும் சிறுமி, வெளிக்குப் போகவேண்டும் என்று சாட்டுச் சொல்லுகின்றாள். அவன் அவளது காலிலே கயிறு கட்டி அனுப்ப, அவள் அக்கயிற்றை முற்றத்து மரத்திலே கட்டிவிட்டு ஓடித் தப்புகின்றாள். பிரெஞ்சு ஆய்வாளர் போல் டெலாரூ இவ்வடிவம் பெரோவுக்கு முந்திய கூறுகளைக் கொண்டது என வாதிட்டார். இவான் வேர்டியே என்னும் மானிடவியலாளர் ஊசி, குண்டூசி ஆகியவற்றைக் குடியானவப் பெண்பிள்ளைகளின் தையற்பயிற்சியோடும் பருவமடைதலோடும் இணைத்து விளக்கினார். பெரோவின் நூல் அச்சாகி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் சேகரிக்கப்பட்ட வடிவமாதலின், இதுவே மூலம் என அடித்துக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்று தெளிவு. உழைக்கும் மக்களிடையே வழங்கிய வடிவத்திலே சிறுமி தன்னைத் தானே காத்துக்கொள்கின்றாள். அரசவைக்குச் சென்றபோது உயிரிழந்தாள். நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்கு வந்தபோது மீட்பனின் தயவிலே வாழ்ந்தாள்.

1979இல் அஞ்செலா கார்ட்டர் ஆங்கிலத்திலே வெளியிட்ட தொகுதி இவ்வரலாற்றின் பின்னணியிலேயே நோக்கத்தக்கது. பெரோவின் கதைகளை அவர் இரண்டாண்டுகளுக்கு முன்னரே மொழிபெயர்த்திருந்தார். அத்தொகுதியிலுள்ள ஓநாய்க் கதைகளுள் மிகக் குறுகிய ஒன்றிலே, சிறுமி தன்னைத் தாக்கிய ஓநாயின் பாதத்தை வெட்டி எடுத்துச் செல்கின்றாள். பாட்டி வீட்டிலே அப்பாதம் மனிதக் கையாக மாறிக் கிடக்கின்றது. பாட்டியின் கையொன்று துண்டிக்கப்பட்டிருக்கின்றது. அயலவர் திரண்டு கிழவியைச் சூனியக்காரி எனக் கல்லெறிந்து கொல்கின்றனர். பின்னர் பேத்தி அவ்வீட்டிலே குடியேறிச் செழிப்பாக வாழ்கின்றாள். வாசகர் இங்கே திடுக்கிடுகின்றார். குளிரும் வறுமையும் சூழ்ந்த ஓர் ஊரிலே சூனியக்காரி என்னும் குற்றச்சாட்டினால் யாருக்கு இலாபம், யாருடைய வீடு யார் கைக்குச் சென்றது என்னும் வினாக்கள் தாமாகவே எழுகின்றன. சிறுமியின் வெற்றியிலே எளிதான மகிழ்ச்சி கொள்ளவும் ஆசிரியர் நம்மை விடவில்லை. மூலக்கதையை அறியாத ஒருவருக்கு இது பயங்கரக் கதையொன்று மாத்திரமே. அறிந்தவருக்கோ, தாம் குழந்தையாயிருந்தபோது நம்பிய ஒரு நீதியின் மீதான விசாரணையாக அமைகின்றது. வாசகரின் முன்னறிவே மறுகூறலின் மூலப்பொருள் என்பதை இவ்வெடுத்துக்காட்டு புலப்படுத்தும்.

4

இரண்டாவது கதை பிரெக்டினுடையது. ஒரு குழந்தைக்கு இருவர் உரிமை கோருகின்றனர். நீதிவான் சோதனையொன்று வைக்கிறார். குழந்தை துன்புறுவதைப் பொறுக்காது விட்டுக்கொடுப்பவளே தாய் எனத் தீர்ப்பளிக்கிறார். விவிலியத்திலே சாலமோன் மன்னன் வாளெடுக்கச் சொல்கிறான். மகா உம்மக்க ஜாதகத்திலே மகோசத பண்டிதர் நிலத்திற் கோடு கிழித்து, இருவரையும் குழந்தையை இழுக்கச் செய்கிறார். அங்கே போலித்தாய் குழந்தையைத் தின்ன வந்த யட்சிணி. சீனாவிலே யுவான் அரசர் காலத்து நாடகமொன்றிலே சுண்ணாம்பு வட்டத்தின் நடுவே குழந்தை நிறுத்தப்படுகின்றது. வழக்காடுவோர் செல்வனொருவனின் மூத்த மனைவியும் இளைய மனைவியுமாவர். மூத்தவள் வேண்டுவது குழந்தையையன்று, சொத்தை.

இவ்வடிவங்கள் யாவும் ஒரு புள்ளியிலே உடன்படுகின்றன. இறுதியிற் குழந்தை பெற்றவளிடமே சேர்கின்றது. இரத்தமும் அன்பும் ஒன்றே என்பது இவற்றின் எடுகோள். நாசிசத்துக்கு அஞ்சி அமெரிக்காவிலே தஞ்சம் புகுந்திருந்த பேர்ட்டோல்ட் பிரெக்ட் 1944இல் ‘கோக்கேசிய வெண்கட்டி வட்டம்’ என்னும் நாடகத்தை எழுதியபோது, அந்த ஒரே புள்ளியைத்தான் மாற்றினார். ஆளுநரின் மனைவி கலகத்தின்போது தன் ஆடைகளைத் தெரிந்தெடுப்பதிலே ஈடுபட்டுக் குழந்தையை விட்டுவிட்டு ஓடுகின்றாள். வேலைக்காரி குருஷா அதனைத் தூக்கிக்கொண்டு மலைகளைக் கடக்கின்றாள்; பாலுக்கு விலை கொடுக்கின்றாள்; குழந்தைக்காகவே விருப்பமற்ற திருமணத்துக்கும் உடன்படுகின்றாள். ஆளுநரின் சொத்துக்குக் குழந்தையே வழியென்றதும் பெற்றவள் திரும்பி வருகின்றாள். வட்டத்திலே குருஷா இருமுறையும் கையை விட்டுவிடுகின்றாள். நீதிவான் அஸ்டாக் வேலைக்காரியே தாய் எனத் தீர்க்கிறான்.

நாடகத்தின் முன்னுரைக் காட்சியிலே இரு கூட்டுப்பண்ணையினர் ஒரு பள்ளத்தாக்குக்கு உரிமை கோருகின்றனர். முன்னர் அங்கு ஆடு வளர்த்தோரைவிட, நீர்ப்பாய்ச்சிப் பழத்தோட்டம் அமைக்கவிருப்போரிடமே நிலம் சேர்கின்றது. உரிமை பிறப்பாலோ பழமையாலோ வருவதன்று. பேணும் உழைப்பினால் வருவது என்னும் கருத்து இவ்வாறு குழந்தைக்கும் நிலத்துக்கும் பொதுவாகின்றது.

இக்கருத்தை ஒரு துண்டுப்பிரசுரமாக எழுதியிருக்கலாமே, பழைய கதை எதற்கு? இதுவே அம்மாணவியின் வினாவின் உட்பொருள். பதிலை நாடகத்தின் செயற்பாட்டிலேயே காணலாம். ‘பெற்றவளுக்கே பிள்ளை’ என்பது எவரும் வாதித்து நிறுவாத, எல்லோரும் மூச்சுவிடுவதுபோல இயல்பாக ஏற்றுக்கொண்ட ஒன்று. அத்தகைய இயல்புணர்வு விவாதத்தினால் அசைவதில்லை. அது கதைகளின் வழியாகவே மனத்திற் குடியேறியது. ஆதலின் கதையின் வழியாகவே அதனை வெளிக்கொணர வேண்டும். பார்வையாளர் தமக்குத் தெரிந்த தீர்ப்பை எதிர்பார்த்திருக்கையில் வேறொரு தீர்ப்பு வருகின்றது. அது நியாயமெனவும் படுகின்றது. அப்பொழுதுதான் முந்திய தீர்ப்பும் மனிதர் வழங்கிய ஒன்றே என்பதும், ஆதலின் மாற்றத்தக்கது என்பதும் அவருக்குப் புலனாகும். முடிவு தெரிந்திருப்பது ‘அடுத்து என்ன’ என்னும் பதற்றத்தை அகற்றி, ‘ஏன் இப்படி’ என்னும் சிந்தனைக்கு இடந்தருகின்றது. தூரப்படுத்தல் எனப்படும் பிரெக்டின் உத்திக்குப் பழங்கதை மிக ஏற்ற களமாயமைந்தது இதனாலேயே.

நம் நாட்டிலே ஹென்றி ஜயசேன இந்நாடகத்தைச் ‘ஹுணுவடயே கதாவ’ எனச் சிங்களத்திலே மொழிபெயர்த்து 1967இல் மேடையேற்றினார். அது சிங்கள அரங்கின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றாயிற்று. மகோசத பண்டிதரின் தீர்ப்பைப் பன்சலையிலும் பாடநூலிலும் கேட்டு வளர்ந்த பார்வையாளர் முன்னிலையிலே, அத்தீர்ப்புத் தலைகீழாக்கப்பட்ட கதை வந்து சேர்ந்தமை கருதற்பாலது. அந்நியக் கதையொன்று வந்தது என்பதைவிட, வீட்டுக் கதையொன்று உலகைச் சுற்றி வேறு நியாயத்தோடு திரும்பியது என்பதே பொருந்தும்.

5

மூன்றாவதாக, தமிழிலே மிகுதியாக மறுகூறப்பட்ட அகலிகைக் கதை. வான்மீகியின் பாலகாண்டத்திலே அகலிகை, முனிவன் வேடத்தில் வந்தவன் இந்திரனே என அறிந்தும் இசைகின்றாள். அவள் பெறும் சாபம் கல்லாவதன்று; பிறர் கண்ணுக்குப் புலப்படாது, காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து தவஞ்செய்வது. இராமனும் இலக்குவனும் அவள் பாதங்களை வணங்குகின்றனர். தமிழ் மரபிலே கல்லுரு மிகப் பழைமையானது. திருப்பரங்குன்றத்து ஓவியக் காட்சியைக் கூறும் பரிபாடலின் 19ஆம் பாடலிலேயே, பூனையுருக் கொண்ட இந்திரனும் சினந்த கௌதமனும் கல்லுருவாகும் அகலிகையும் இடம்பெறுகின்றனர். கம்பனிலே கல்லான அவள் இராமனது பாதத் துகளினாற் பழைய உருப் பெறுகின்றாள். வணங்கப்பட்ட பாதங்களுக்குரியவள், பிறர் பாதத்தால் மீட்கப்படுபவளாகிறாள்.

தனிச்சொத்தும் தந்தைவழி உரிமைபேறும் வலுப்பெற, பெண்ணின் கற்பு கடுமையான கண்காணிப்புக்குள்ளாகும் என எங்கெல்ஸ் 1884இல் விளக்கினார். அகலிகையின் உடல் படிப்படியாக இறுகியமையை இதனோடு தொடர்புபடுத்தலாம். ஆயினும் வான்மீகி ஒரு கட்டம், பரிபாடல் ஒரு கட்டம், கம்பன் ஒரு கட்டம் என நேர்கோடு கீறுதல் இயந்திரப் பாங்கானதாகிவிடும். கல்லாகச் சமைத்த அதே மரபுதான் அவளை மனத்தாற் பிழை செய்யாதவள் என ஏற்கவும் சொல்லுகின்றது. தண்டிக்கவும் வேண்டும், மன்னிக்கவும் வேண்டும் என்னும் இம்முரண்பாடு கதையினுள்ளே தீராது கிடந்தது. எழுத்தாளரை மீண்டும் மீண்டும் இக்கதையிடம் இழுத்தது இதுவே.

புதுமைப்பித்தன் இக்கதையை இருமுறை எழுதினார். 1934இல் எழுதிய ‘அகல்யை’யிலே கௌதமன் சாபமிடவில்லை, அவளைப் புரிந்துகொள்ள முயல்கின்றான். சீர்திருத்த காலத்தின் நன்னம்பிக்கை அதிலே தெரிகின்றது. ஆண்மகன் மனந்திருந்தினால் பெண்ணின் துயர் தீரும் என்பது அதன் உட்கிடை. ஒன்பது ஆண்டுகளின் பின் 1943இல் ‘சாபவிமோசனம்’ வெளிவந்தது. இங்கே மன்னிப்புக் கிடைத்துவிட்டது; கணவனும் அன்புடையவன்; இருந்தும் அகலிகையால் இயல்பாக வாழ முடியவில்லை. ஊரார் பார்வை அவளைத் துரத்துகின்றது. கணவனின் இயல்பான பேச்சும் அவளைக் குத்துகின்றது. இறுதியிலே, தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயாலே கேட்கின்றாள். மீண்டும் கல்லாகின்றாள்.

ஒரே எழுத்தாளர், ஒரே கதை, இரு முடிவுகள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே நமக்கு முக்கியம். முதலாவதிலே பிரச்சினை ஒரு கணவனின் மனத்தில் இருந்தது. இரண்டாவதிலே அது மீட்பனையும் தன்னுள் அடக்கிய ஓர் ஒழுங்கமைப்பில் இருக்கின்றது. தனிமனிதரின் நல்லெண்ணம் ஒழுங்கமைப்பைத் தீண்டாதவிடத்து விமோசனம் என்பது சாபத்தின் இடைவேளை மாத்திரமே. இராமாயணத்தை அறியாத ஒருவருக்கு இக்கதையின் இறுதித் தாக்கம் கிட்டாது. இரு காண்டங்களிலே தனித்தனியே வைத்து நாம் பக்தியோடு படித்த இரு நிகழ்ச்சிகளை ஆசிரியர் எதிரெதிரே நிறுத்திவிட்டார். அவ்வளவே அவர் செய்தது. முரண்பாடு காவியத்திலேயே இருந்தது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மறுகூறலில் வாசகர் பெறும் இன்பத்தின் இயல்பு ஓரளவு தெளிவாகும். பழைய கதை ஒரு சமூகத்தின் தீராத முரண்பாட்டைத் தீர்ந்ததுபோலக் காட்டி நிற்கின்றது. கேட்பவர் அம்முடிவை ஏற்றுக்கொள்கின்றார். ஆயின் உள்ளத்தின் ஒரு மூலையிலே ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டேயிருக்கின்றது. மறுகூறல் அவ்வுறுத்தலுக்குப் பெயரிடுகின்றது. தமக்கு மட்டுமே தோன்றியது எனக் கருதிய ஐயம் பிறருக்கும் தோன்றியது என வாசகர் அறிகின்றார். அம்மகிழ்ச்சியைத் தப்பியோடல் எனக் கூறியமை என் பிழை. அது விழிப்பின் தொடக்கமாகலாம்.

தொடக்கமாகலாம் என்று மாத்திரமே கூறுகின்றோம். ஏனெனில், முதலாளித்துவச் சந்தை விழிப்பையும் சரக்காக்க வல்லது. 1937இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘ஸ்னோ வைற்’ திரைப்படம் வெளிவந்த நாள்முதல், பழங்கதை பெருமூலதனத்தின் மூலப்பொருளாயிற்று. இன்றோ கீழ்ப்படிவுள்ள நாயகியைப் போலவே கீழ்ப்படியாத நாயகியும் விற்பனைக்குரியவள். இதுவரை பேசாத இராணி இப்போது பேசுகின்றாள் என்னும் அறிவிப்போடு நூல்கள் வரிசையாக வருகின்றன. ஒரு பெண் பேசத் தொடங்குவதாலேயே மறுகூறல் முற்போக்கானதாகிவிடுமா?

மார்கரெட் அட்வூட் 2005இல் எழுதிய ‘பெனலோப்பியாட்’ இவ்வகையிலே பயனுள்ள எடுத்துக்காட்டு. ஹோமரின் ஒடிசி காவியத்தின் 22ஆம் பகுதியிலே, ஒடிசியஸ் நாடு திரும்பியதும் அவனது மனைவியை நாடிவந்தோரோடு உறவுகொண்ட பன்னிரண்டு பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகின்றனர். காவியம் சில அடிகளில் அதனைக் கடந்து செல்கின்றது. அட்வூட் அரசி பெனலோப்பியைப் பேசவைத்ததோடு அமையவில்லை; தூக்கிலிடப்பட்டோரையும் குழுப்பாடகராக்கி இடையிடையே பேசவைக்கின்றார். அரசியின் கட்டளைப்படியே அவர்கள் அந்த ஆடவரோடு பழகி வேவு பார்த்தனர். தண்டனை வந்தபோது அரசி அவர்களைக் காக்கவில்லை. அரசியின் துயரும் மெய்; அவளது கூற்றின் மீது பணிப்பெண்கள் கொள்ளும் ஐயமும் மெய். பெண்கள் என்னும் பொதுப்பெயரின் கீழே ஆண்டானும் அடிமையும் இருப்பதை மறுகூறல் காட்டிவிடுகின்றது.

இதனால், ஒரு மறுகூறலை மதிப்பிடும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்த்தல் நன்று. முதலாவது, பழைய கதையினுள்ளே கிடந்த முரண்பாட்டை அது திறந்து காட்டுகின்றதா, அன்றி இக்காலக் கருத்தொன்றைப் பழைய பெயர்களுக்கு உடுத்திவிடுகின்றதா? இரண்டாவது, பாத்திரங்களின் குணத்தை மாத்திரம் மாற்றுகின்றதா, அவர்களிடையேயான உறவுகளையும் கேள்விக்குள்ளாக்குகின்றதா? மூன்றாவது, புதிய முடிவையும் வேதவாக்காக்கி விடுகின்றதா, அன்றி வாசகரையே தீர்ப்பளிப்போராக விட்டுச்செல்கின்றதா? பிரெக்டும் ‘சாபவிமோசனம்’ எழுதிய புதுமைப்பித்தனும் இவற்றுக்குத் தரும் விடை ஐயத்துக்கிடமற்றது. ‘அகல்யை’ இரண்டாவது வினாவிலே தயங்கி நிற்கின்றது. சந்தைக்கென எழுதப்படுவனவற்றுட் பல முதலாவதிலேயே தவறிவிடுகின்றன.

நம் சூழலிலே இவ்வினாக்களுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பழங்கதைகள் இன, மத, சாதிப் பெருமைகளுக்குச் சான்றாகக் காட்டப்படுவதை நாம் அறிவோம். கதைக்கு ஒரே வடிவந்தான் உண்டு, அதுவே மெய்யானது என்னும் நம்பிக்கையே அதற்கு அடித்தளம். ஒரு கதையின் ஐந்து வடிவங்களை அருகருகே வைத்து மகிழ்ச்சியோடு வாசிக்கும் ஒருவர் அந்நம்பிக்கைக்கு எளிதில் இரையாகார். யட்சிணியிடமிருந்து மகோசத பண்டிதர் மீட்ட குழந்தையும், குருஷாவிடம் சேர்ந்த குழந்தையும், சாலமோனின் வாளுக்குத் தப்பிய குழந்தையும் உறவினர் என அறிந்தவருக்கு, கதை எந்த இனத்தின் தனிச்சொத்துமன்று என்பதும் தெரிந்திருக்கும்.

எனவே, முற்போக்குத் திறனாய்வாளர் இவ்வாசகரை நோக்கிக் கூறவேண்டியது, ‘இவற்றை விட்டுவிடுங்கள்’ என்பதன்று. ‘இன்னும் ஒரு வடிவத்தைத் தேடுங்கள்; அதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், யாருடைய உழைப்பு அதிலே மறைந்துள்ளது எனக் கேளுங்கள்’ என்பதே. அம்மாணவி இவற்றுட் பலவற்றை என்னிலும் முன்னரே கேட்கத் தொடங்கியிருந்தார் என்பதை இங்கு நன்றியோடு குறிப்பிடல் தகும்.